காலநிலையின் மேல் பழி போட வேண்டாம்

பெறுநர்: முகாமையாளர், வாடிக்கையாளர் சேவை, சுற்றுலா முகவர் நிறுவனம்
அனுப்புநர்: பயணி, ஸ்காபரோ, ரொறன்ரோ
விடயம்: மிதவை விமானம் நடுவழியில் இறங்கியதும் பணம் மறுக்கப்பட்டதும்

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையோரத்தைச் சிறு விமானத்தில் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி எங்கள் குடும்பத்திடம் பணம் வாங்கினீர்கள். விமானம் இயந்திரம் நின்று நடுவழியில் கடலில் இறங்கியது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "இயந்திரத்தில் பனி உறைந்தது காலநிலையால், காலநிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள்.

அன்று செப்டெம்பர் மாதம். வெப்பநிலை 13 பாகை, மெல்லிய தூறல். இறக்கையில் ஒரு பொட்டுப் பனி கிடையாது. உறைந்தது, இயந்திரத்துக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டருக்குள். பெற்றோல் ஆவியாகும்போதும், குறுகிய வழியில் காற்று விரையும்போதும் அதற்குள் வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் சரியும். காற்று ஈரமாக இருந்தால் அந்த ஈரமே கட்டியாகி வழியை அடைக்கும். இறங்குவதற்காக விசையைக் குறைக்கும் வேளையில் ஆபத்து இன்னும் அதிகம். கனடாவின் போக்குவரத்துத் திணைக்களம் விமானிகளுக்கு வெளியிடும் கையேட்டில் இதைப் பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. பரிகாரமும் விமானியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: ஒரு நெம்பை இழுத்தால், புகைக்குழாயின் சூட்டில் காய்ந்த காற்று கார்புரேட்டருக்குப் போகும். மழைக்கு நீங்கள் பொறுப்பல்லதான். கையில் இருந்த குடையை விரிக்காததற்கு யார் பொறுப்பு?

நான் விமானிக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தேன். ஒரு மானியின் முள் மெல்லச் சரிந்தது. அவர் விசையைக் கூட்டும் பிடியான த்ரொட்டிலைச் சற்று முன்னே தள்ள, முள் ஏறியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி சரிந்தது, மறுபடி தள்ளினார். விசிறியின் சுழற்சியைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் விமானம் அது. ஆகவே விசை குறைந்தும் சத்தத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. இயந்திரம் இருமத் தொடங்கிய பிறகுதான் அந்த நெம்பை இழுத்தார். உருகிய தண்ணீரும் உள்ளே போக, இருமல் கூடி, நின்றே போனது. நின்றால் புகைக்குழாயும் ஆறிவிடும், பிறகு சூட்டுக்கு எங்கே போவது? விமானப் பராமரிப்பில் வேலை செய்யும் என் மருமகன் இதை விளக்கியபோதுதான் நான் கண்டது என்னவென்று புரிந்தது. தண்ணீரில் அலுங்காமல் இறக்கினார் விமானி; அதற்கு நன்றி சொல்கிறேன். "முன்பே இழுத்திருக்க வேண்டும்" என்று அவரே சொன்னார். உங்களுக்குத்தான் அந்த நேர்மை வரவில்லை.

பெரிய குற்றம் உங்களுடையது. பற்றுச்சீட்டில் இருப்பது "செஸ்னா கரவன், டர்பைன் இயந்திரம்". துறையில் வந்து நின்றது பிஸ்டன் இயந்திரம் பூட்டிய பீவர் ரக விமானம். பீவரைக் குறை சொல்லவில்லை. 1947இல் முதலில் பறந்த அந்த விமானம் அந்தக் கரையோரத்தின் செல்லப்பிள்ளை. ஆனால் டர்பைனில் கார்புரேட்டரே கிடையாது. அதற்கு வேறு பனித் தொல்லைகள் உண்டு, இந்தத் தொல்லை இல்லை. விமானத்தை மாற்றியதை ஏறும்வரை ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

இழுவைப் படகில் கரைசேர்ந்து, நனைந்த மாமியைத் துறையில் உட்கார வைத்துவிட்டு உங்கள் அவசர இலக்கத்துக்கு அழைத்தேன். நயாகரா பஸ் சுற்றுலாவுக்குக் கழிவு என்று ஒலிப்பதிவு பாடியது. பின்னர் சமாதானமாக நீங்கள் அனுப்பியது, அடுத்த விமானச் சுற்றுலாவுக்கு 15 வீதக் கழிவுச் சீட்டு! அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

கட்டிய பணம் முழுவதும் திரும்ப வேண்டும். விமானத்தை மாற்றியது யார், ஏன் எங்களுக்கு அறிவிக்கவில்லை என்பதை எழுத்தில் தாருங்கள். விமானத்தை இயக்கிய நிறுவனம் இந்த நிகழ்வைக் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபைக்குத் தெரிவித்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால், பற்றுச்சீட்டின் பிரதியுடன் ஒன்ராறியோவின் பயணத்துறைச் சபையிடம் முறைப்பாடு செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்