2011 கணக்கில் ஓடும் ஊர்

பெரம்பலூர் மாவட்டம்
25-8-2025

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே ஆடிப்பட்டம் ஓரளவு தப்பித்துவிட்டது. மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்திருக்கிறது. சின்ன வெங்காயம் போட்டவர்கள்தான் விலையை நினைத்துக் கலங்கிப் போயிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 15 கிராமசபைக்குப் போயிருந்தேன். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் யாரும் இல்லை. 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோமே, அந்த மன்றத்தின் காலம் இந்த ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தேர்தல் இன்னும் வரவில்லை. தனி அலுவலர் நிர்வாகம் நடக்கிறது. ஊராட்சி ஒன்றிய அலுவலர்கள்தான் அந்தப் பொறுப்பைப் பார்க்கிறார்கள். நம் மாவட்டத்தில் ஆலத்தூர் ஒன்றியத்தில் மட்டும் 39 ஊராட்சி, வேப்பூரில் 33. ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருக்கிறவர்கள், அத்தனை ஊர்க் குழாயையும் தெருவிளக்கையும் எப்படிக் கவனிப்பார்கள்? அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ராத்திரி எட்டு மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வாசலில் போய் நிற்க ஒரு வார்டு உறுப்பினர் வேண்டும். பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியம் பெறவும் தேர்ந்தெடுத்த மன்றம் இருக்கவேண்டும் என்பது விதி. தேர்தலைத் தள்ளிப்போடுவது ஊர்ப் பணத்தில் கை வைப்பது மாதிரிதான்.

சபைக்கு 200 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை. மக்கள்தொகை 3,000-ஐத் தாண்டி 10,000 வரை உள்ள ஊராட்சிக்கு அவ்வளவு தேவை. அந்த மக்கள்தொகை எந்த வருஷத்தது? 2011. பதினாலு வருஷமாக அதே எண். ரேஷன் அரிசியில் மத்திய அரசின் ஒதுக்கீடும் அதே கணக்கில்தான் நிற்கிறது. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவில் நின்றது. இப்போதுதான், ஜூன் மாதம், 2027-க்கு அறிவிப்பு வந்திருக்கிறது. இந்த முறை சாதியும் கேட்பார்களாம்.

2011 பிப்ரவரியில் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக எண்ணியவன் நான். பிப்ரவரி 9 முதல் 28 வரை. 28 ராத்திரி வீடில்லாதவர்களைத் தேடிப் போனோம். மார்ச் 1-லிருந்து 5 வரை மறுபடி ஒரு சுற்று, இடையில் பிறந்தவர், இறந்தவரைச் சரிபார்க்க. ஒரு வீட்டில் பெரியம்மா மூன்று பிள்ளைகள் பெயரையும் சொல்லிவிட்டார். மூவரும் துபாயில். அந்த நாட்களில் ஒருநாள்கூட வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பதால் விதிப்படி எழுத முடியாது என்றேன். "பெத்தவ சொல்றேன், நீ எழுதமாட்டியா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் எத்தனை வீட்டில் இதே கதை இருக்கும் என்று உனக்குத் தெரியும். அந்த முறை மாவட்டத்தில் மொத்தம் 5,65,223 பேர், மாநிலத்திலேயே குறைவு. ஆயிரம் ஆண்களுக்கு 1,003 பெண்கள். ஆண்கள் வெளியே போனதும் இதில் ஒரு பங்கு என்பது என் எண்ணம்.

குறைந்த மக்கள்தொகை என்றதும் சிலர், இதற்கு ஒரு மாவட்டமா என்று கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. 1995-ல் திருச்சியிலிருந்து பிரித்தார்கள். அப்புறம் 2001-ல் அரியலூர் தனியானது, அடுத்த வருஷமே திரும்ப ஒட்டியது, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. அந்த இழுபறியில் கோப்புகள் அலைந்த அலைச்சலை நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். ஆனாலும் 1995-க்கு முன் ஒரு மனுவோடு திருச்சிக்குப் பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கிராமத்தில் இருக்கும் மாவட்டம் இது. கலெக்டர் ஆபீஸ் கிட்டத்தில் இருப்பது கூலிக்காரனுக்குத்தான் உதவி.

இன்னொரு விஷயம். சபையில் ஒரு அம்மா எழுந்து, இடுகாட்டுப் பாதையைக் கேட்டார். மழைக்காலத்தில் பிணத்தை வரப்பில் தூக்கிப் போகிறோம் என்றார். ஊராட்சிச் செயலர், பாதை வருவாய்த்துறைப் புறம்போக்கு, அளந்து கொடுத்தால் சாலை போடலாம் என்றார். வருவாய்த்துறையில் போன வருஷம் கேட்டபோது, ஊராட்சி தீர்மானம் போட்டு அனுப்பட்டும் என்றார்களாம். தீர்மானம் போட இப்போது மன்றமே இல்லை. கலெக்டருக்குக் கீழே தாசில்தார், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ. என்று ஒரு வரிசை, வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சிச் செயலர் என்று இன்னொரு வரிசை. நடுவில் அந்த வரப்பு. கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய பற்றாளர் நல்ல மனிதர், கிராமசபைத் தீர்மானமாகவே பதிவேட்டில் எழுதச் சொன்னார். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

இதற்குத்தான் உன் உதவி வேண்டும். கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை 1980-ல் ஒழித்த பிறகு வந்த வி.ஏ.ஓ.க்களில், நம் ஊர் எஃப்.எம்.பி. என்ற நில அளவைப் படத்தைக் கையோடு வைத்துக்கொண்டு நடந்தே எல்லைக்கல் பார்த்தவன் நீ ஒருவன்தான். ஓடைக்குத் தெற்கே, பனைமரத்தடியில் ஒரு கல் இருந்தது என்று சொல்வாயே, அது எந்த சர்வே நம்பர்? பாதை ஏ-ரிஜிஸ்டரில், அந்தக் கிராம நிலப் பதிவேட்டில், எப்படிப் பதிவாகியிருந்தது? நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதி அனுப்பு. வெங்காய அறுவடைக்கு வருவதாகச் சொன்னாய், அப்போது நேரில் போய்க் காட்டினால் இன்னும் நல்லது. சர்வேயருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன், நம்பரை மட்டும் நிரப்ப வேண்டும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்