எங்கள் கண்மாய்க்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர் வட்டாரத்தில், ஒரே கண்மாயை நம்பி ஒரு போகம் நெல்லும் மேட்டு நிலத்தில் குண்டு மிளகாயும் குதிரைவாலியும் பயிரிடும் சிறு, குறு விவசாயிகள் நாங்கள். இவ்வாண்டு வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்கள் வரை அறுவடை முடிந்து நெல் களம் சேர்ந்திருக்கிறது. இதற்குக் கைகொடுத்த அனைவரையும் நேரில் கண்டு நன்றி சொல்ல இயலாது என்பதால், ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்தபடி இம்மடலை எழுதுகிறோம்.

எங்கள் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டு தமிழகம் முழுவதும் அந்தப் பருவமழை 60 விழுக்காட்டுக்கும் மேல் பொய்த்ததையும், 2017 தொடக்கத்தில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்ததையும் யாரும் மறந்திருக்க முடியாது. 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் இரண்டு நாட்களுக்குள் கொட்டித் தீர்த்த பெருமழையையும் பார்த்தோம். ஆனால் எங்களை ஆண்டுதோறும் அலைக்கழிப்பது இவ்விரண்டையும் விட, புரட்டாசியில் ஒரு மழை பெய்து புழுதியில் கிடக்கும் விதையை முளைக்கவைத்துவிட்டு அதன் பிறகு வாரக்கணக்கில் வானம் வெளுத்துக் கிடப்பதுதான். அந்த இடைவெளியைத் தாண்ட உதவியவர்களுக்கே இந்த நன்றியில் பெரும்பங்கு சேரும்.

முதலில் மேற்கே உள்ள ஊராருக்கு. எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அவர்களுடைய வயல்களை ஒட்டியே வருகிறது. பல ஆண்டுகளாகச் சீமைக்கருவேலம் மண்டி, மண் மேடிட்டு, சில இடங்களில் வரப்போடு வரப்பாகவே மாறிப்போயிருந்த அந்த வரத்துக்காலை, நில அளவையர் வந்து அளந்து கல் நட்டபோது, தங்கள் உழவுக்குள் வந்துவிட்ட பகுதியை எவ்வித வழக்குமின்றி அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். தண்ணீருக்காக ஊருக்கு ஊர் பகை வளர்ந்து நீதிமன்றம் வரை போன கதைகள் எங்கள் பக்கத்தில் ஏராளம் என்பதால், இதன் மதிப்பை நாங்கள் நன்கு அறிவோம். வெட்டிய கருவேல மரங்களை அவர்களே மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுக்கொள்வது என்று பேசி முடித்தது இருதரப்புக்கும் நன்மையாயிற்று. அந்த மரத்தைத் திட்டுவது எளிது. மழையற்ற ஆண்டுகளில் எங்களில் பலர் வீட்டில் உலை கொதித்தது கரிமூட்டத்தால்தான் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்து, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுவிடும் எங்கள் நீர்ப்பாய்ச்சிக்கு. மடையைத் திறப்பதற்கு முன் உள்வாயில் நட்டிருக்கும் கல்லருகே இறங்கி, முந்தைய நாளைவிடத் தண்ணீர் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அன்று யாருக்குத் தண்ணீர் என்ற முறையை அவர் சொல்வார். கார்த்திகையில் கண்மாய் பாதிதான் நிறைந்திருக்கிறது என்று தெரிந்ததும், கடைமடையிலிருந்து முறையைத் தொடங்குவதென்று கூட்டத்தில் முடிவாயிற்று. அந்த முடிவைப் பனியிலும் இரவிலும் கைவிளக்கோடு நடந்து நடைமுறைப்படுத்தியவர் அவரே. மண்வெட்டியோடு வந்து வாய்க்காலை மறித்த தலைமடைக்காரரிடம்கூடக் குரலை உயர்த்தாமல், அவர் வயலில் மண் பிளக்கவில்லை என்பதை அழைத்துப்போய்க் காட்டித் திருப்பி அனுப்பினார். ஏக்கருக்கு இவ்வளவு என்று காலங்காலமாக நாங்கள் அளந்துவரும் நெல் இந்த உழைப்புக்கு ஈடாகாது. வரும் போகத்திலிருந்து அதைக் கூட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். இம்மடலிலும் அதைப் பதிவு செய்கிறோம்.

விதை குறித்துச் சொல்லும்போது, பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தாரை நன்றியோடு நினைக்கிறோம். அவர்கள் 2009 இல் வெளியிட்ட அண்ணா 4 என்னும் நெல் ஏறத்தாழ 105 நாட்களில் கதிர் முற்றுவதால், பருவம் தள்ளிப்போனாலும் தண்ணீர் தீர்வதற்குள் அறுத்துவிட முடிகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, விதையை 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்திப் புழுதியில் விதைக்கும் முறையை, எங்கள் வட்டார வேளாண் அலுவலர் வயலிலேயே நின்று செய்து காட்டினார். ஊறவைத்த விதை அழுகிவிடும் என்று எங்களில் மூத்தவர்கள் வாதாடியபோது, அவர்கள் சொன்னதை மறுக்காமல் ஒரே வயலில் பாதியை ஊறவைத்தும் பாதியை ஊறவைக்காமலும் விதைக்கச் சொன்னார். இடையில் வந்த வறட்சியில் எந்தப் பாதி வாடாமல் நின்றது என்பதைப் பார்த்த பின்னர் வாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

குதிரைவாலிக்கான நன்றி எந்த அலுவலகத்துக்கும் உரியதன்று. ஊரில் பலரும் அதைக் கைவிட்ட காலத்திலும், நொச்சி இலை போட்டுத் தானியம் சேமிக்கும் குலுக்கையில் விதை காத்துவைத்திருந்த எங்கள் ஆச்சிமார்களுக்கு உரியது. ஆளுக்கு இரண்டு படி அளந்து கொடுத்து, விளைந்ததும் நான்கு படியாகத் திருப்ப வேண்டும் என்ற அவர்களுடைய கறாரான கணக்கினால்தான் இன்று மேட்டு நிலங்களில் அப்பயிர் மீண்டும் நிற்கிறது.

கோடையில் வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்திய கீதாரிகளான ஆட்டிடையர்களுக்கும், கண்மாயில் படிந்த வண்டலான கரம்பையை டீசல் செலவு மட்டும் பெற்றுக்கொண்டு வயலுக்கு ஏற்றிவந்த டிராக்டர் உரிமையாளர்களுக்கும் நன்றி. கரம்பையும் ஆட்டுச் சாணமும் விழுந்த வயல்கள் மற்றவற்றைவிட அதிக நாள் ஈரம் தாங்கின. பண்ணைக்குட்டை வெட்டித் தந்த வேளாண் பொறியியல் துறையினருக்கும் நன்றி உரியது. குட்டையில் தேங்கிய தண்ணீர்தான் பூக்கும் தருணத்தில் மிளகாய்ச் செடிகளுக்கு உயிர்த்தண்ணீராகக் கிடைத்தது.

பயிர்க் காப்பீட்டுக்கான கடைசி நாளில் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோனபோதும், பயிர் விவரம் காட்டும் அடங்கல் நகலோடு காத்திருந்த கடைசி ஆள் வரை பதிவு செய்துவிட்டே பூட்டிச் சென்ற இ-சேவை மையத்துத் தங்கைக்கு எங்கள் அன்பு. முந்தைய ஆண்டின் இழப்பீடு எங்களுக்கு மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. அந்தக் குறையை உரிய இடத்தில் தனியே எழுதியிருக்கிறோம்.

மூன்றாம் மடையின் அடைப்புப் பலகை இன்னும் கசிகிறது. அதைப் பங்குனிக்குள் மாற்றுவதற்கான மதிப்பீடும், இதுவரை ஆன வரவு செலவுக் கணக்கும் சாவடிச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளன. உதவிய யாவரும் பார்வையிடலாம். ஐயம் இருந்தால் சித்திரைக் கூட்டத்தில் கேட்கலாம்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயிகள்,
முதுகுளத்தூர் வட்டாரம்.