நைல் நதியோடு நிற்க வேண்டாம்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா மறுபடியும் காலையில் தண்ணீர்மலைப் பக்கம் நடக்கப் போகிறார் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம்.

பைதான் மொழியின் புள்ளியியல் நூலகமான ஸ்டாட்ஸ்மாடல்ஸில் ஸ்டேட் ஸ்பேஸ் பகுதிக்கு, அதாவது நேரில் தெரியாத ஒரு நிலையைத் தரவிலிருந்து கணிக்கும் பகுதிக்கு, நாமே விளக்கமும் உதாரணங்களும் எழுதித் தரலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் எழுதுவோம். நிரல் அருமையானது, புதிதாக வரும் மாணவனுக்குத்தான் வாசற்படி உயரமாக இருக்கிறது.

1871 முதல் 1970 வரையான நைல் நதியின் ஆண்டு நீரோட்டத் தரவில் தொடங்குவது சரிதான். ஒரே ஒரு நிலை, இரண்டே வேரியன்ஸ் (சிதறல் அளவு). மாடலின் ஒவ்வோர் அணியிலும் (மேட்ரிக்ஸ்) என்ன எண் இருக்கிறது என்று அச்சிட்டுக் காட்டினாலே பாதி பயம் போய்விடும். ஆனால் பெரும்பாலான பாடங்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

நம் ஊர்ச் சில்லறை விற்பனையை எடுத்துக்கொள். ஹரி ராயா, அதாவது நோன்புப் பெருநாள், 2023-இல் ஏப்ரல் 22, 2025-இல் மார்ச் 31. பண்டிகைக்கு முந்தைய கடைக்கூட்டம் ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்கு இடம் மாறிவிட்டது. ஆண்டுதோறும் திரும்பும் ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கும் 12 மாதப் பருவக் கூறுக்கு இது எப்படித் தெரியும்? அது அதே மாதத்தில் கூட்டத்தைத் தேடும். ராயாவுக்கு முந்தைய மூன்று வாரங்களில் எத்தனை நாள் எந்த மாதத்தில் விழுகிறது என்று கணக்கிட்டு, அதை ஒரு புற மாறியாக, அதாவது மாடலுக்கு வெளியிலிருந்து தரும் விவரமாக, கொடுக்க வேண்டும். சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் இதே வழிதான். புள்ளிவிவரத் துறையின் மாதத் தரவு ஓப்பன்டோசம் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இந்த ஒரு உதாரணம் இந்தோனேசிய, வங்காளதேச மாணவர்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

இன்னொன்று, தொடக்க வேரியன்ஸ், அதாவது முதல் நிலை பற்றி நமக்கு எவ்வளவு தெரியாது என்று சொல்லும் எண். தொடக்கம் பற்றி ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்வதுதான் டிஃப்யூஸ் முறை. அதன் தோராயமான வடிவில் மென்பொருள் தொடக்க நிலையைப் பூஜ்ஜியம் என்றும், வேரியன்ஸை இயல்பாக 1 மில்லியன் என்று வைக்கிறது. கேட்கப் பெரிதாகத் தெரியும். அதன் வர்க்கமூலம் 1000 தானே! விற்பனையைப் பில்லியன் ரிங்கிட்டில் எழுதினால் அது தாராளம். அதே தரவை ஒற்றை ரிங்கிட்டில் கொடுத்தால், ஒவ்வொரு புதிய தரவுக்கும் நிலையைத் திருத்திக்கொண்டே போகும் கால்மன் ஃபில்டர் தொடக்க நிலையைப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மாணவன் மாடலைத்தான் குறை சொல்வான். அலகை மாற்றியும், துல்லிய டிஃப்யூஸ் முறையை இயக்கியும் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டவேண்டும்.

அப்புறம், 2020 மார்ச் 18-க்குப் பிந்தைய கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு மாதங்கள். அவற்றை விடுபட்டவையாக வைத்தால் ஃபில்டர் புதுப்பிக்காமல் கணித்துக்கொண்டே போகும், நம்பிக்கைப் பட்டையும் விரியும். அதையும் ஒரு படத்தில் காட்டிவிடலாம்.

ராயா பகுதியை நீ எழுது. வகுப்பில் யார் எங்கே தடுமாறுவார்கள் என்று உனக்குத்தான் தெரியும். தொடக்க வேரியன்ஸ் பகுதியை நான் எழுதி அடுத்த வாரம் அனுப்புகிறேன். உன் மாணவர்களிடம் ஓடவிட்டுப் பார்த்து, புரியாத வரிகளில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்