இப்போதைக்குக் கையெழுத்து வைக்காதே, பிள்ளை

வெள்ளவத்தை

அன்பு மகள்,

எங்கள் வீட்டை இடித்துத் தொடர்மாடி கட்டக் கேட்கும் கம்பனிக்காரர் உனக்கு அனுப்பிய ஒப்பந்த வரைவை அப்பாவும் நானும் இரண்டு தரம் வாசித்துவிட்டோம். 18 பேர்ச் காணியைக் கொடுத்து, கட்டும் பரப்பில் 40 வீதம் வாங்குவது சரியா என்று கேட்டிருந்தாய். சரிதான், கொடுக்கலாம். ஆனால் இந்த வரைவில் உள்ள ஒழுங்கில் கொடுக்கக் கூடாது. முதலில் காணி பிள்ளைகள் உங்கள் இருவர் பேருக்கும் மாற வேண்டும், பிறகு நீங்கள் அற்றோனித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுக்க வேண்டும், பிறகு வீடு இடிபட வேண்டும் என்கிறார்கள். எங்களுக்கு வரவேண்டியது மட்டும் எல்லாம் முடிந்த பிறகு. இந்த ஒழுங்கு மாறும் வரை ரொறன்ரோ துணைத் தூதரகத்துக்குப் போய் எதிலும் கையெழுத்து வைக்காதே.

முதலில் அந்த 40 வீதத்தைப் பார். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 18 பேர்ச் என்றால் 4,900 சதுர அடி. கணக்குக்காக, நிலத்தின் நான்கு மடங்கு தளப்பரப்புக்கு அனுமதி வரும் என்று வைப்போம்: சுமார் 19,600 சதுர அடி. இதில் 40 வீதம் 7,840, அதாவது ஆயிரம் சதுர அடி வீடு ஏழுக்கு மேல் என்று உன்னிடம் சொல்லியிருப்பார்கள். ஆனால் படிக்கட்டு, லிப்ட், நடைபாதை, மின்சார அறை என்று நூற்றுக்கு 22 பங்கு போனால் விற்கக்கூடிய பரப்பு 15,300க்குச் சற்றுக் குறைவு. அதில் 40 வீதம் 6,100 சொச்சம். வீடு ஆறுதான். வரைவில் 'மொத்தப் பரப்பில் 40 வீதம்' என்று மட்டும் இருக்கிறது, எந்தப் பரப்பு என்று இல்லை. 'பதிவு செய்யப்படும் கூட்டாதன வரைபடத்தில் வீடுகளுக்கென்று காட்டப்படும் தளப்பரப்பில்' என்று எழுதச் சொல்ல வேண்டும். கூட்டாதன வரைபடம் என்பது தொடர்மாடியின் ஒவ்வொரு வீட்டையும் தனிச் சொத்தாகக் காட்டும் வரைபடம். பின்னால் ஒரு மாடி கூட்டிக் கட்ட அனுமதி கிடைத்தால் அதிலும் அதே வீதம் என்று இன்னொரு வரியும் வேண்டும்.

பரப்பு சரியாக வந்தாலும் பெறுமதி சரியாக வராது. கீழ் மாடிகளைக் காணிக்காரருக்குத் தள்ளிவிட்டு மேல் மாடிகளைத் தாங்கள் விற்பதுதான் வழக்கம். தெரிவு ஒருவர் மாறி ஒருவராக நடக்கட்டும், முதல் தெரிவு எங்களுக்கு. வாகனத் தரிப்பிடம் வீட்டோடு சேர்ந்த துணைப் பாகமாக வரைபடத்திலேயே இலக்கத்தோடு வரவேண்டும். அடுக்குத் தரிப்பிட மெஷின் என்றால் ஏற்காதே. கடல் உப்புக் காற்றில் அதன் சங்கிலியும் மோட்டரும் சீக்கிரம் பழுதாகும். திருத்தும் செலவு வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

அடுத்தது உறுதி, அதாவது காணிப் பத்திரம். காணி என் சீதனம், என் பேரில் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி அப்பாவின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் நான் அதைக் கைமாற்ற முடியாது. வரைவில் அப்பாவின் பேரே இல்லை. எழுதியவர் எங்கள் உறுதியை விரித்தும் பார்க்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் பேருக்கு மாற்றுவதிலும் நொத்தாரிசிடம் கேட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. உனக்கு இப்போது கனேடியக் கடவுச்சீட்டு மட்டும்தான் இருக்கிறது. இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், இப்போதே தொடங்கினாலும் நல்லது. அதற்காகக் காணியை அவசரப்பட்டு எழுதத் தேவையில்லை.

ஏனென்றால் காணி என் பேரில் இருப்பதுதான் எங்களுக்கு லாபம். கட்டடம் முடிந்து கூட்டாதன வரைபடம் பதிவாகும்போது ஒவ்வொரு வீடும் தனிச் சொத்தாகி, காணிச் சொந்தக்காரர் பேரிலேயே நிற்கும். கம்பனியின் பங்கு வீடுகளை வாங்குவோருக்கு நான் நேரே உறுதி எழுதிக் கொடுப்பேன், கம்பனி உடன்படும் தரப்பாகக் கையெழுத்து வைக்கும். எங்கள் ஆறு வீட்டுக்கும் உறுதியே தேவையில்லை. காணியை முழுதாகக் கம்பனிக்கு எழுதிவிட்டு வீடுகளைத் திருப்பி வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் முத்திரை வரி கட்ட வேண்டும். 4 கோடி மதிப்புள்ள வீடு என்றால் முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதமும் மிச்சத்துக்கு 4 வீதமும்: 15,99,000 ரூபாய். அதே வீட்டை நான் பின்னால் உனக்கு நன்கொடை உறுதியாக எழுதினால் முதல் 50,000க்கு 3 வீதம், மிச்சத்துக்கு 2 வீதம்: 8,00,500 ரூபாய். ஏறக்குறைய பாதி. நாங்கள் உயிரோடிருக்கும் வரை அதை அனுபவிக்கும் சீவிய உரித்தையும் அப்போது அதிலேயே வைக்கலாம். மூலதன ஆதாய வரியை யார் கட்டுவது என்பதும் வரைவில் இல்லை, சேர்க்க வேண்டும்.

அற்றோனித் தத்துவம் கொடுக்கத்தான் வேண்டும். அனுமதி கேட்டு நாலு அலுவலகம் ஏறி இறங்க அவர்களுக்கு அது தேவை. ஆனால் திட்ட அனுமதி, நீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்க மட்டும் என்று குறுக்கி எழுத வேண்டும். விற்கவோ, ஈடு வைக்கவோ, குத்தகைக்குக் கொடுக்கவோ அதிகாரம் கிடையாது என்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். வரைவின் 7ஆம் பந்தியில் 'திட்டத்துக்கான நிதி திரட்ட' என்று ஒரு சொற்றொடர் கிடக்கிறதே, அதுதான் ஈடு. எங்கள் காணியை வங்கியில் வைத்துக் கடன் எடுப்பார்கள். கட்டிடம் பாதியில் நின்றால் வங்கி வந்து நிற்பது எங்கள் வாசலில். 2022இல் இது எத்தனை குடும்பங்களைப் பயமுறுத்தியது என்று உனக்குத் தெரியும். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. சீமெந்து விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. டைல்ஸ் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. கடனில் ஓடிய வேலைகள்தான் முதலில் நின்றன. கம்பனி தன் பணத்தில் கட்டட்டும், அல்லது தன் வேறு சொத்தை ஈடு வைக்கட்டும். எங்கள் காணியில் ஈடு இல்லை.

கம்பனி தன் பங்கை முன்கூட்டி விற்பதையும் படிப்படியாகத்தான் விடவேண்டும். அத்திவாரமும் முதல் கொங்கிரீட் தட்டும் முடிந்தால் அவர்கள் பங்கில் கால்வாசிக்கு விற்பனை உடன்படிக்கை எழுதலாம். கடைசித் தட்டு முடிந்தால் இன்னும் கால்வாசி. மிச்சம் பாதி, அனுமதித்த வரைபடப்படி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு. வீட்டை விட்டு நாங்கள் எழும்பும் நாளில் ஒரு வங்கி உத்தரவாதமும், வேலை முடியும் வரை மாத வாடகையும், பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் தண்டப்பணமும் வேண்டும். அந்த உத்தரவாதம் கேட்டவுடன் பணம் தருவதாக இருக்க வேண்டும், நிபந்தனை போட்டது வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் எங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. காணிப் பதிவகத்தில் 30 வருடத் தேடல் செய்ய, உறுதி எழுதும் எங்கள் நொத்தாரிசுக்குச் சொல்லியாயிற்று. பழைய உறுதியின் அட்டவணையில் 18.2 பேர்ச் என்று இருக்கிறது, மதில்கள் அப்போது நின்ற இடத்தில் இப்போது இல்லை. புதிதாக நில அளவை செய்யாமல் வீதம் பேசுவதில் அர்த்தம் இல்லை. மாநகர சபையில் வீதிக்கோடு, கட்டடக்கோடு, கையகப்படுத்தாமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். ஒழுங்கையை அகலமாக்கும் கோடு எங்கள் முன்மதிலுக்கு உள்ளே விழுந்தால் கட்டக்கூடிய பரப்பு அங்கேயே சுருங்கும். எத்தனை மாடி என்பதை காணியின் அளவோடு வீதியின் அகலமும் முகப்பின் நீளமும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். அதனால் கம்பனி காட்டும் வண்ணப் படத்தை நம்பாதே. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பூர்வாங்கத் திட்ட அனுமதி வந்த பிறகுதான் அந்த 'நான்கு மடங்கு' உண்மையா என்று தெரியும். காலி வீதிக்குக் கடல் பக்கம் இருப்பதால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். கடற்கரையிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை அவர்களுடைய வலயம். இரத்மலானை விமான நிலையம் கிட்ட என்பதால் உயரத்துக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையும் தலையசைக்க வேண்டும். ஒப்பந்தம் பூர்வாங்க அனுமதியோடுதான் நடைமுறைக்கு வரும், அது வராவிட்டால் இரு பக்கமும் விடுதலை என்று ஒரு பந்தி போதும்.

மண் விஷயத்தை அப்பா எழுதச் சொன்னார். இங்கே மேலே மணல், தோண்டினால் சீக்கிரம் தண்ணீர். நிலக்கீழ்த் தளம் தோண்டும்போது தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். இறைக்க இறைக்க மணலும் கூடவே நகரும், பக்கத்து வீட்டு அத்திவாரம் இறங்கும், சுவர் வெடிக்கும். வெள்ளவத்தையில் அயலவர் சண்டை பாதி இப்படித்தான் தொடங்குகிறது. வேலை தொடங்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஒன்றைக் கொண்டு நாலு பக்க வீடுகளின் வெடிப்புகளையும் படம்பிடித்து அறிக்கையாக்கி, அயலவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் கம்பனி எடுக்க வேண்டும். அடித்து இறக்கும் பைல் (அத்திவாரத் தூண்) வேண்டாம். துளைத்து வார்க்கும் பைல் போதும், அதிர்வு குறைவு. கம்பிக்கு மேல் கொங்கிரீட் மூடல் வெளித் தூண்களில் 50 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. உப்புக் காற்றில் மூடல் மெலிந்த இடத்தில் கம்பி துருப்பிடித்து வீங்கும், பத்து வருடத்தில் பால்கனி விளிம்பு உதிரும். மரைன் டிரைவில் நடந்து போனால் கண்ணால் பார்க்கலாம்.

வீட்டை உடைக்கும்போது கிடைக்கும் தேக்கு நிலைகள், பலா வளைகள், ஓடு எல்லாம் எங்களுக்கே என்று எழுத மறக்கக் கூடாது. உடைப்பவர்கள் அதற்குத்தான் வருகிறார்கள். பின்வளவுக் கிணற்றையும் மலக்குழியையும் குப்பை போட்டு மூடவிடக் கூடாது. இடத்தை வரைபடத்தில் குறித்து, மணலைப் படைபடையாகப் போட்டு இறுக்க வேண்டும்.

முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கட்டி முடிந்த கட்டடம் வேறு, சட்டத்தில் முடிந்த கட்டடம் வேறு. அனுமதித்த வரைபடத்துக்கு மாறாக ஒரு மாடி கூடினாலும், தரிப்பிடத்தில் ஒரு அறை எழும்பினாலும், ஓரத்தில் விடவேண்டிய வெளி குறைந்தாலும் இணக்கச் சான்றிதழ், எல்லோரும் சொல்லும் சி.ஓ.சி., கிடைக்காமல் போகும். அது இல்லாவிட்டால் கூட்டாதன வரைபடத்துக்குச் சான்று வராது. வரைபடம் பதிவாகாவிட்டால் தனி உறுதி இல்லை, வாங்குபவருக்கு வங்கிக் கடன் இல்லை, ஆதன வரி பிரியாது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அமைய வேண்டிய முகாமைத்துவக் கூட்டுத்தாபனமும் அமையாது. லிப்ட் பழுதானால் யார் காசு தருவது என்று கேட்கவும் சட்டப்படி ஆள் இருக்காது. இங்கே எத்தனையோ தொடர்மாடிகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், கையில் விற்பனை உடன்படிக்கை மட்டும்தான். அதனால் 'வேலை முடிந்தது' என்பதற்கு வரைவில் இருக்கும் 'சாவி கையளிக்கும் நாள்' என்ற விளக்கத்தை வெட்டி, 'கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதிவாகும் நாள்' என்று போட வேண்டும். வாடகை, தண்டப்பணம், வங்கி உத்தரவாதம் மூன்றும் அந்த நாள் வரை ஓட வேண்டும். கம்பனி மற்ற எதற்கு ஒத்துக்கொண்டாலும் இதற்கு மறுத்தால், கதையை அத்தோடு முடித்துவிடுவோம்.

தண்ணீரையும் கழிவுநீரையும் பற்றிக் கேட்க வேண்டும். ஒழுங்கைக் கழிவுநீர்க் குழாய் பழையது, ஒரு குடும்பம் இருந்த வளவுக்குப் போட்டது. பதினைந்து வீடு என்றால் வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளுக்கு 150 லீற்றர் என்று 9,000 லீற்றர். நிலத்தடித் தண்ணீர்த் தாங்கி ஒரு நாள் தேவைக்காவது கொள்ள வேண்டும். குழாய் தாங்குமா என்று மாநகர சபையிடம் எழுத்தில் வாங்க வேண்டும்.

நீ செய்ய வேண்டியது மூன்று வேலை. கம்பனிக்குப் பதில் போடாதே, இனி அவர்கள் எங்கள் நொத்தாரிசோடு பேசட்டும். இரட்டைப் பிரசாவுரிமைக்கு உன் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி தேவைப்படும், அது இங்கே அலுமாரியில் இருக்கிறது, தம்பியிடம் அனுப்பச் சொல்கிறேன். மேலதிகமாக ஒரு வீடு வாங்க யோசித்தால் பணத்தை உள்முக முதலீட்டுக் கணக்கு மூலம் கொண்டுவா, வங்கிக்கு வெளியே கைமாற்றும் உண்டியல் வேண்டாம். பின்னால் விற்றுத் திருப்பி அனுப்ப அந்தத் தடம் வேண்டும்.

நில அளவையாளர் வரும் வியாழன் காலை வருகிறார். அளந்து முடிந்ததும் பேர்ச் எத்தனை என்று அப்பா எழுதுவார். அந்த எண்ணைப் போட்டு மேலே உள்ள கணக்கை நீயும் ஒரு தரம் செய்து பார்.

அன்புடன்
அம்மா