பிள்ளைங்கள மட்டும் திட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோஷியல் மீடியா பத்தி எந்த கட்டுரை வந்தாலும் கடைசில பிள்ளைங்க கெட்டுப்போயிடுச்சு, பெத்தவங்க கவனிக்கறதில்லன்னு தான் முடியுது. படிக்கிறப்பல்லாம் மனசுக்கு கஷ்டமா இருக்கு சார். என் பொண்ணுக்கு 14 வயசு, போன மாசம் ஒரு போட்டோ போட்டா, அரை மணி நேரத்துல டெலிட் பண்ணிட்டா. ஏண்டி நல்லாத்தானே இருந்துச்சுன்னு கேட்டா, லைக்கே வரலம்மா, அப்படியே விட்டா அசிங்கம்ங்கிறா. போடுறதுக்கு முன்னாடி அதே போட்டோவ என்கிட்ட நாலு தடவை காட்டி சந்தோஷப்பட்டவ தான் அவ.

இத அவளா கத்துக்கிட்டாளா? ஃபேஸ்புக்ல அந்த லைக் பட்டன் வந்ததே 2009ல தான். போன் திரைய தள்ளத் தள்ள பதிவுங்க முடிவே இல்லாம வந்துட்டே இருக்கு பாருங்க, அந்த முறைய 2006ல உருவாக்கின டிசைனர் ஏசா ராஸ்கினே அப்புறமா அதுக்காக வருத்தப்பட்டு பேசினார். முன்னாடியெல்லாம் ஒரு பக்கம் முடிஞ்சா அடுத்த பக்கத்துக்கு நாமளே தட்டணும், அந்த ஒரு நிமிஷ நிறுத்தத்துல தான் சரி போதும், எந்திரிச்சு வேலைய பாப்போம்னு தோணும், அந்த நிறுத்தத்தையே எடுத்துட்டாங்க. உங்க பேப்பருக்கு கடைசி பக்கம்னு ஒண்ணு இருக்கு, இதுக்கு இல்ல. 45 வயசுல என்னாலயே ராத்திரி கீழ வைக்க முடியல, அவ சின்னப் பொண்ணு.

2021ல ஃபேஸ்புக்ல வேலை பார்த்த பிரான்சஸ் ஹாகன்ங்கிற அம்மா கம்பெனியோட உள் ஆவணங்கள வெளிய கொண்டு வந்தாங்க. ஏற்கனவே தன் உடம்ப நெனச்சு வருத்தப்படுற டீன்ஏஜ் பொண்ணுங்கள்ல மூணுல ஒருத்தருக்கு அதே கம்பெனியோட இன்ஸ்டாகிராம் அத இன்னும் மோசமாக்குதுன்னு அவங்க ஆளுங்க எடுத்த ஆராய்ச்சிலயே இருந்துச்சு. தெரிஞ்சே தான் நடந்திருக்கு, அப்புறம் எதுக்கு என் பொண்ண மட்டும் குத்தம் சொல்லணும்?

ஆஸ்திரேலியாவுல 2025 டிசம்பர் 10லேர்ந்து 16 வயசுக்கு கீழ இருக்கிறவங்க பெரிய ஆப்கள்ல அக்கவுண்ட் வெச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துருச்சு. அந்த தடை சரியா தப்பான்னு எனக்கு இன்னும் குழப்பம் தான், பசங்க எப்படியாவது உள்ள போயிடுவாங்க. ஆனா மீறினா அபராதம் கம்பெனிக்குத் தான், பிள்ளைக்கும் இல்ல பெத்தவங்களுக்கும் இல்ல, அது எனக்கு ரொம்ப நியாயமா படுது.

இன்னொண்ணு சார், எங்க அப்பா தினமும் பத்து ஃபார்வர்ட் அனுப்புவார், பாதி பொய்யி, ஆனா அவர் நல்லது செய்றதா நெனச்சு தான் அனுப்புறார். 2018ல வந்த ஒரு ஆய்வுல, ட்விட்டர்ல உண்மைச் செய்திய விட பொய்ச் செய்திய மத்தவங்க பகிர்றதுக்கு 70 சதவீதம் அதிக வாய்ப்புன்னு பார்த்திருக்காங்க, அதுக்கு காரணம் தானா பதிவு போடுற மெஷின் அக்கவுண்ட்டுங்க இல்ல, மனுஷங்க தான். இதுல பேப்பருக்கும் பங்கு இருக்கு. "இணையத்தில் வைரல்"னு யாரோ ஒரு பொண்ணு அழுற வீடியோவயும் ரெண்டு பேர் சண்டைய‌யும் செய்தியா போடுறீங்க, அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களான்னு தெரியல. அத நிறுத்துங்க. அந்த இடத்துல நோட்டிபிகேஷன எப்படி ஆஃப் பண்றது, வீடியோ தானா ஓடுறத எப்படி நிறுத்துறது, ஒரு வீடியோ உண்மையான்னு எப்படி பாக்குறதுன்னு வாரம் ஒரு தடவை எங்க அப்பாவுக்கு புரியுற மாதிரி பெரிய எழுத்துல போடுங்க, நான் வெட்டி அவர் கட்டிலுக்கு மேல ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி