சட்டத்துக்கு ‘முட்டுக்கட்டை’ என்று பெயரா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் மூன்றாம் பக்கத்தில் ‘வனத்துறை முட்டுக்கட்டை: மலைச்சாலை விரிவாக்கம் இழுபறி’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். உள்ளே, ‘ஒப்பந்ததாரர் தயாராக இருந்தும் வனத்துறை அனுமதி தராததால் மக்கள் அவதிப்படுகின்றனர்’ என்று ஒரு வரி. எந்தச் சாலை என்று நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. இத்தனை காலமாகக் கொங்கு மண்ணில் இதழ் நடத்தும் உங்களுக்கு அந்த வரி எப்படிச் சரியென்று பட்டது என்பதுதான் என் வருத்தம்.

முட்டுக்கட்டை என்றால் என்னவென்று சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பம் மலைப்பாதை ஏறும் லாரிக்காரர்களுக்குத் தெரியும். 27 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது வண்டி நின்றுபோனால், கிளீனர் முதலில் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டையோ கல்லோ வைப்பார். அந்த வண்டியும் பின்னால் வரும் பேருந்தும் பிழைப்பது அதனால்தான்.

நடைமுறையைப் பார்ப்போம். காப்புக்காட்டு நிலத்தை நெடுஞ்சாலைக்கு எடுக்க, 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். விண்ணப்பிக்க வேண்டியது சாலை போடும் துறை. முதல் கட்ட ஒப்புதலில் நிபந்தனைகள் வரும். மாற்றுக் காடு வளர்ப்புக்கும் காட்டின் நிகர மதிப்புக்கும் (இழக்கும் காட்டின் பயன்களுக்கான ஈடு) பணம் கட்ட வேண்டும். அதன் பிறகே இறுதி ஒப்புதல். இடம் புலிகள் காப்பகம் என்றால் (சத்தியமங்கலம் 2013 முதல் அப்படித்தான்) 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் ஆலோசனையும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் சேர்ந்துகொள்ளும். நீள்வாக்கில் போகும் சாலைப் பணிகளுக்குச் சலுகையும் உண்டு. முதல் கட்ட ஒப்புதல் வந்து பணத்தைக் கட்டிவிட்டால், இறுதி ஒப்புதலுக்கு முன்பே வேலை தொடங்க அனுமதி தரலாம். இவ்வளவு வழி திறந்திருக்கும்போது கோப்பு எங்கே நிற்கிறது என்று உங்கள் நிருபர் விசாரித்திருக்கலாம். வரைபடத்தில் உள்ள எல்லையும் தரையில் உள்ள எல்லையும் ஒத்துப்போகாமல் இருக்கும். மாற்றுக் காட்டுக்குக் காட்டிய நிலம் வெறும் பாறைக் கரடாக இருக்கும். தோண்டும் மண்ணை எங்கே கொட்டுவோம் என்ற பத்தியே இருக்காது. இப்படிப்பட்ட விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவது கடமை. அதற்குத்தான் முட்டுக்கட்டை என்று பெயர் வைத்தீர்கள்.

மண் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதைத்தான் யாரும் எழுதுவதில்லை. மலைச்சாலையை 5 மீட்டர் அகலப்படுத்தப் போகிறோம் என்பார்கள். படிப்பவருக்கு 5 மீட்டர் காடு போகும் என்று தோன்றும். மலைச்சரிவு 35 டிகிரி, வெட்டும் முகம் 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டின் மேல்விளிம்பு எட்டு மீட்டருக்கு மேல் உள்ளே போய்விடும், உயரம் கிட்டத்தட்ட 6 மீட்டர் நிற்கும். மண் இளக்கமாக இருந்தால் இன்னும் சாய்த்து வெட்ட வேண்டும், விளிம்பு இன்னும் மேலே ஏறும். விண்ணப்பத்தில் தார் போடும் அகலத்தை மட்டும் எழுதினால், மீதிக் காடு கணக்கிலேயே வராமல் போய்விடும்.

இந்தக் கணக்கில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 15 கன மீட்டர் மண்ணும் பாறையும் வரும். டிப்பர்க்காரர் கணக்கில் ஐந்து யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). கிலோமீட்டருக்கு ஐயாயிரம் யூனிட். அதைக் கீழே இறக்கி, ஒப்புக்கொண்ட இடத்தில் கொட்டி, சுவர் கட்டி நிறுத்த டீசலும் கூலியும் ஆகும். ஆகவே பொக்லைன் அப்படியே சரிவில் தள்ளிவிடுகிறது. உருளும் பாறை உசிலையையும் நெல்லியையும் பட்டை உரித்துக்கொண்டு போகிறது. மண்ணில் பாதி புதைந்த மரம் உடனே சாவதில்லை, அடிப்பட்டை அழுகி இரண்டு மூன்று வருடத்தில் நின்றபடியே காய்கிறது. அதற்குள் ஒப்பந்தக்காரர் பில் வாங்கிப் போய்விடுகிறார். அடுத்த ஐப்பசி மழைக்கு அந்த மண் பள்ளத்தில் இறங்கிச் சிறுபாலத்தை அடைக்கிறது. தண்ணீர் சாலைமேல் ஏறி ஓரத்தை அறுக்கிறது. அப்போது உங்கள் இதழில் ‘மழையால் மண்சரிவு’ என்று செய்தி வரும். கிளறிய ஓரத்தில் முதலில் முளைப்பது உண்ணிச்செடி என்ற களை; அது பிடித்த இடத்தில் புல் இல்லை, மானுக்கு மேய்ச்சல் இல்லை.

மேல்பக்கம் நிற்கும் செங்குத்து வெட்டும் கீழ்ப்பக்கத் தடுப்புச் சுவரும் யானைக்கு வேறு ஆபத்து. யானையால் செங்குத்தில் ஏற முடியாது. தடம் அடைபட்டால் வழி தேடிச் சாலையிலேயே நடக்கும், குட்டி இருந்தால் வெகுநேரம் நிற்கும். அதற்கு நீங்கள் போடும் தலைப்பு ‘யானை அட்டகாசம்’. காரப்பள்ளம் சோதனைச்சாவடி அருகே கரும்பு லாரிக்காக யானைகள் காத்து நிற்பதைப் படத்தோடு பலமுறை போட்டீர்கள். உயரத்துக்கு மீறி ஏற்றிய கரும்பு வழியில் சிந்துவதால்தான் யானைக்கு அந்தப் பழக்கம் வந்தது என்று படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டிருக்கலாம்.

திம்பம் பாதையில் இரவில் வாகனங்களுக்கு விதித்த தடையிலும் இதே வருத்தம்தான். ஈரோடு மாவட்ட ஆட்சியர் உத்தரவு பிறப்பித்தது 2019 ஜனவரியில். உயர் நீதிமன்றம் சொல்லி அது நடைமுறைக்கு வந்தது 2022 பிப்ரவரியில். மூன்று ஆண்டு ஒரு உத்தரவு காகிதத்தில் கிடந்தபோது எழுதாத நீங்கள், அமலுக்கு வந்த வாரத்தில் ‘வாகன ஓட்டிகள் அவதி’ என்று எழுதினீர்கள். மலைமேல் உள்ள தாளவாடிக்காரர்கள் நம் பக்கம் இறங்க வேறு நல்ல வழி இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஆம்புலன்ஸும் நேரத்துக்கு வரும் பேருந்தும். பாரம் மீறிய லாரி வளைவில் திரும்ப முடியாமல் சிக்குவதுதான் அவர்களையும் மணிக்கணக்கில் நிறுத்துகிறது.

இன்னொன்று, ‘ஒரு மரத்துக்குப் பத்து மரம்’. அதிகாரிகள் சொல்வதை அப்படியே அச்சிடுகிறீர்கள். மேட்டுப்பாளையம் சாலையிலும் பொள்ளாச்சிச் சாலையிலும் நிழல் கொடுத்த புளியமரங்கள் போன பின் சாலை நடுவில் வந்தது அரளி. ஓரத்தில் வைப்பதும் தூங்குமூஞ்சியும் மே மலர் மரமும்தான். வேரோடு பெயர்த்து நடுகிறோம் என்கிறார்கள். ஆலும் அரசும் போத்து (வெட்டிய கிளை) நட்டாலே துளிர்க்கும் இனம், அவை பிழைக்கும். ஆணிவேர் அறுபட்ட புளி அப்படியில்லை. காட்டுக்குள் இருக்கும் வேங்கைக்கும் நீர்மருதுக்கும் இந்தப் பேச்சே எழுவதில்லை. நம் இட்டேரிகளின் (தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டித்தடங்களின்) கிளுவை வேலியும் இப்படித்தான் கணக்கில் வராமலே போயிற்று.

சட்டம் இடிக்கிறது என்று எழுதும் இதழ், சட்டம் எவ்வளவு மெலிந்து கிடக்கிறது என்பதையும் எழுத வேண்டாமா? வனப் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் அதிகபட்சத் தண்டனை 15 நாள் சாதாரணச் சிறை. 2013இல் சுற்றுச்சூழல் அனுமதி விதியைத் திருத்தி, இருக்கிற தேசிய நெடுஞ்சாலையை 100 கிலோமீட்டருக்கு மேல், குறிப்பிட்ட அகலத்துக்கு மேல் விரித்தால்தான் அனுமதி வேண்டும் என்றாக்கினார்கள். விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலை சுமார் 180 கிலோமீட்டர். ஒவ்வொன்றும் 100 கிலோமீட்டருக்குள் வரும்படி அதை நான்கு துண்டாகப் பிரித்தார்கள், வழக்கு 2021இல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. துண்டு போடுவது சரியா என்று நிபுணர் குழு ஆராய வேண்டும் என்று நீதிமன்றமே சொன்னது. மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் வழியே போகும் 44ஆம் எண் சாலையில் விலங்குகள் அடியில் கடக்க 50 முதல் 750 மீட்டர் வரை நீளமுள்ள 9 அமைப்புகள் கட்டினார்கள். அங்கும் சாலை வந்தது, காட்டையும் பார்த்துக்கொண்டார்கள். வழக்கும் நிபந்தனையும் இல்லாவிட்டால் அந்தச் செலவை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

நான் கேட்பது சிறிய காரியம். அந்தச் சாலைக்கு ஒப்புதல் உத்தரவு வரும் நாளில், அதன் நிபந்தனைகளைத் தமிழில் வரிசையாக ஒருமுறை அச்சிடுங்கள். எடுத்த வன நிலத்தின் எல்லையில் நான்கு அடி உயரக் கான்கிரீட் தூண்கள் நிற்க வேண்டும்; ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும் அடுத்த தூணுக்கு உள்ள தூரமும் இருக்க வேண்டும்; காட்டுக்குள் தொழிலாளர் முகாம் கூடாது; சரிவில் மண் தள்ளக் கூடாது. வழக்கமாக விதிக்கும் நிபந்தனைகள் இவை. தெரிந்தால் பேருந்தில் போகிறவர்கூடத் தூணை எண்ணிப் பார்ப்பார். உத்தரவை எதிர்த்து, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக 30 நாள்தான் கெடு. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். ஆகவே செய்தி மூன்று மாதம் கழித்து வந்தால் பயனில்லை.

அந்தத் தலைப்புக்கு ஒரு திருத்தமும் போடுவீர்கள் என்று நம்புகிறேன். மூன்றாம் பக்கத்திலேயே போட்டால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சத்தியமங்கலம்.