ஐந்து வருஷப் படிப்பில் சேருமுன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பாடத்திட்டத்தை முழுசாகப் படித்துவிட்டேன். நோயிலும் சிகிச்சையிலும் மனசுக்கு என்ன பங்கு என்று ஆராய்கிற உடல்நல உளவியலைப் படித்து என்ன செய்யப் போகிறாள் என்று உன் அப்பா கேட்டார். நர்ஸ் வேலை பார்த்தவளிடம் கேட்கிற கேள்வியா அது! டாக்டர் சொல்வதற்கெல்லாம் நோயாளிகள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் வரும்போது மாத்திரை அட்டையில் பாதி அப்படியே இருக்கும். கேட்டால் மறந்துவிட்டது என்பார்கள். உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால்தான் விஷயம் வெளியே வரும். "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்திரை?" என்பார் ஒருவர். ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதாமே என்று பயப்படுவார் இன்னொருவர். நாள்பட்ட நோய்க்கு மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சுமார் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் சொன்னது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

1950-களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டியை வீட்டுப் பக்கமே கொண்டுபோய் நிறுத்தினார்கள். காசும் வாங்கவில்லை. அப்படியும் பலர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஆராயப் போய்த்தான் நீ படிக்கப்போகிற 'உடல்நல நம்பிக்கை மாதிரி' என்ற கோட்பாடு உருவானது; நோய் தனக்கு வருமா, சிகிச்சையால் பலன் உண்டா என்று ஒருவர் நம்புவதைப் பொறுத்தே அவர் நடந்துகொள்வார் என்கிறது அது. ஆகவே பாடத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது.

இளநிலையும் முதுநிலையும் சேர்த்துப் படிப்பதில்தான் கொஞ்சம் யோசனை. சில பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் கணக்காகும், ஒரு வருஷம் மிச்சமாகும், சரி. நடுவில் மனசு மாறினால் இளநிலைப் பட்டத்தோடு வெளியே வரலாமா? உதவித்தொகை கடைசி வருஷத்துக்கும் உண்டா? இதையெல்லாம் சேருமுன் எழுத்தில் வாங்கிக்கொள். முக்கியமாக, முதுநிலையோடு உளவியலாளராகப் பதிவு செய்ய முடியுமா என்று கேள். அமெரிக்காவில் பெரும்பாலும் முனைவர் பட்டம் வேண்டும். பிரிட்டனில் முதுநிலைக்கு அப்புறமும் மேற்பார்வையில் பயிற்சி உண்டு. ஆராய்ச்சிக்கோ சுகாதாரத் திட்ட வேலைக்கோ போவதாக இருந்தால் இந்தப் பட்டமே போதுமானதாக இருக்கலாம். எந்தப் பக்கம் போகப் போகிறாய் என்று இப்போதே முடிவு செய்யச் சொல்லவில்லை. எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்றாவது தெரிந்திருக்கட்டும்.

அப்புறம், புள்ளியியலைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளாதே. உன் ஆய்வேடே அதை நம்பித்தான் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா